இடைவெளி விடாத ஞாயிற்றுக்கிழமை

காபிக் கோப்பையைச் சத்தமில்லாமல் மேசையில் வைப்பது அப்படியொன்றும் கஷ்டமான காரியமில்லை. முதலில் சுண்டுவிரலை மேசையில் பதிக்க வேண்டும். அதன்மேல் சாசரை இறக்கி, பிறகு விரலை மெல்ல உருவிக்கொள்ள வேண்டும். கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே இதை நான் கற்றுக்கொண்டேன்.

"மெதுவாத்தானேங்க வச்சேன்," என்றேன் அன்று.

"மெதுவா வைக்கிறது வேற, சத்தமில்லாம வைக்கிறது வேற. அங்க வயலின் தனியா வாசிக்குது, நீ இங்க தாளம் போடுற."

"வந்தவங்க யாரும் ஒண்ணும் சொல்லலையே."

"அவங்க நாகரிகமானவங்க, சொல்ல மாட்டாங்க. நாளைலேருந்து வர மாட்டாங்க, அவ்வளவுதான்."

என் கணவர் சதாஹருவைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, ஐயா. எங்கள் கடை அப்படி. கோஎன்ஜி ரயில் நிலையத்துக்குப் பின்னால், மாடியில், 'மிசுதோரி' என்று சின்னப் பலகை தொங்குமே, அதுதான். வருகிறவர்கள் ஒரு காபி வாங்கிக்கொண்டு பழைய மேற்கத்திய இசைத்தட்டுகளைக் கேட்பார்கள். நாற்காலிகள் எல்லாம் பள்ளிக்கூடம் போல ஸ்பீக்கர்களைப் பார்த்தே இருக்கும். பேசக் கூடாது. செய்தித்தாளைப் புரட்டக் கூடாது. தட்டின் ஒரு பக்கம் முடிந்ததும் கொஞ்சம் இடைவெளி விடுவோம். இருமுகிறவர்கள் அப்போது இருமுவார்கள், காபி கேட்கிறவர்கள் அப்போது கேட்பார்கள்.

"உங்க வீட்டுக்காரருக்குப் பயந்துகிட்டு என் தும்மல்கூட பக்கம் முடியுற வரைக்கும் காத்திருக்கு, நோபு சான்," என்று இகராஷி சான் படியிறங்கும்போது கேலி செய்வார். எங்கள் கடையின் மிகப் பழைய வாடிக்கையாளர். அவரும் அந்தச் சட்டங்களை நேசித்தவர்தான்.

என் அம்மா தூரத்தில், மட்சுமொத்தோ நகரத்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஒரு குளிர்காலச் சனிக்கிழமை, கடையில் இசைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது அங்கிருந்து தொலைபேசி வந்தது. எடுத்தவர் சதாஹரு. நான் அவருக்கு ஐந்தடி தள்ளி நின்று எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்தேன். "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டார். எல்லாத் தட்டுகளும் ஓடி முடிந்து, எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, தட்டை உறைக்குள் நுழைத்தபடியே சொன்னார்.

"உங்கம்மாவுக்கு ரொம்ப முடியலையாம். உடனே வரச் சொன்னாங்க."

"எப்போ சொன்னாங்க?"

"நாலு மணி இருக்கும்."

"இப்போ ஏழாகுதே. கடைசி ரயில்தான் கிடைக்கும்."

"நடுவுல சொன்னா நீ அழுவ. இத்தனை பேர் காசு குடுத்து உன் அழுகையையா கேக்க வந்தாங்க?"

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் முகத்தை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். மாலை முழுக்க வாசற்கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நர்ஸ் சொன்னாள். திரும்பி வந்ததும் நான் அவரோடு சண்டை போடவில்லை. மறுநாள் கடையைத் திறந்தோம்.

அதற்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. நாக்குக்கு அடியில் வைக்கச் சின்ன மாத்திரை கொடுத்தார்கள். எப்போதும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். ஆனால் அந்த அலுமினிய அட்டை நசுங்கினால் சரசரக்கும். அந்தச் சத்தம் கூடத்தில் கேட்பதில் சதாஹருவுக்குச் சம்மதமில்லை. அதனால் மாத்திரையை என் கல்லாப்பெட்டியில் வைத்தார். வலி வந்தால் பக்கம் முடியும்வரை பொறுத்திருப்பார். இடைவெளியில் திரும்பி ஒரு விரலைக் காட்டுவார். நான் சமையலறைக்குள் போய் அட்டையைப் பிரித்து, துணி விரித்த சாசரில் மாத்திரையை வைத்துக்கொண்டு வருவேன். மருந்தைக்கூட அவர் வாய் திறந்து கேட்டதில்லை. அவர் விரல் நடுங்கத் தொடங்கியதும் இசைத்தட்டில் ஊசி வைக்கும் வேலையும் எனக்கு வந்தது. நன்றாகவே செய்தேன். ஊசி இறங்கும் சத்தமே கேட்காது என்று இகராஷி சான் பாராட்டியிருக்கிறார்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

வெகுகாலமாக அவர் தேடிய சிம்பொனி ஒன்று கோபே நகரத்தில் கிடைத்திருந்தது. இரண்டு தட்டு, நான்கு பக்கம், முதல் அச்சு. அது வானொலி நிலையத்துக்கென்று அடித்தது, ஐயா. சாதாரணமாக முதல் பக்கத்தின் மறுபுறம் இரண்டாவது பக்கம் இருக்கும். இதில் மூன்றாவது இருந்தது. ஒரு பிளேயரில் முதல் பக்கம் முடியும்போதே இன்னொன்றில் இரண்டாவதைத் தொடங்கிவிடலாம். இடைவெளியே தேவையில்லை.

"இது ரேடியோக்காரங்க அவசரத்துக்குப் பண்ணது. நம்ம கடைல எப்பவும் போல இடைவெளி விடு," என்று காலையில் என்னிடம் சொன்னார். தலையாட்டினேன்.

முதல் பக்கம் பாதி ஓடியிருக்கும். முன்வரிசையில் இருந்த அவருடைய இடது கை நாற்காலிப் பிடியில் திறந்து திறந்து மூடியது. கல்லாவிலிருந்து எனக்கு அந்தக் கையும் பின்கழுத்தும்தான் தெரியும். உடனே சமையலறைக்குப் போய் மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தேன். அதுவரை நான் நல்ல மனைவியாகத்தான் இருந்தேன். முதல் பக்கம் முடிந்தது. அவர் திரும்புவதற்காகத் தோளை அசைத்தார்.

நான் அடுத்த பிளேயரில் ஊசியை இறக்கினேன்.

தோள் மறுபடி நாற்காலியில் சாய்ந்தது. இசை ஓடும்போது அவர் திரும்பமாட்டார். வேறு யாராக இருந்தாலும் எழுந்து வந்திருப்பார்கள், கத்தியிருப்பார்கள், மேசையைத் தட்டியிருப்பார்கள். அவரை யாரும் கட்டிப்போடவில்லை. சட்டம் போட்டது அவர், அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததும் அவர்தான். நான் தட்டுகளை மாற்றிக்கொண்டிருந்தேன், அது என் வேலை. இரண்டாவது பக்கம் முடிவதற்குள் மூன்றாவதைத் தயாராக வைத்தேன். அவருடைய பின்கழுத்து வியர்வையில் மின்னியது. என் உள்ளங்கையும் ஈரமாகி, மாத்திரை மாவாகக் கரைந்துவிட்டது. அதை ஏப்ரனில் துடைத்துக்கொண்டேன். அட்டையில் வேறு மாத்திரைகள் இருந்தன.

சுற்றிலும் பன்னிரண்டு பேர் கண்ணை மூடி, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அவரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். சாகிற மனிதனும் இசை கேட்கிற மனிதனும் எங்கள் கடையில் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருப்பார்கள். 'ஏன் அன்று மட்டும் இடைவெளி விடவில்லை?' என்ற சந்தேகம் அன்று வந்திருந்த இசைக்கல்லூரி மாணவி ஒருத்திக்கு வந்து, அவள் போலீஸில் சொன்னதால்தானே நீங்கள் என் வீட்டுக் கதவைத் தட்டினீர்கள்? நல்ல காது அவளுக்கு.

நேற்று உங்களிடம் ஒன்று சொன்னேன். அவர் வாய்விட்டுக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், அவர் கேட்கவே இல்லை என்று. இகராஷி சானும் மற்றவர்களும் அப்படியேதான் சொன்னார்களாம். அவர்களைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர்களுக்கு அது வெட்கம். மூன்றாவது பக்கத்தில், எல்லா வாத்தியங்களும் அடங்கி ஒரேயொரு புல்லாங்குழல் மட்டும் மிஞ்சும் இடத்தில், முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. இகராஷி சான் கண்ணைத் திறக்காமலே உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்றார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். நான் நான்காவது பக்கத்துக்காக ஊசியில் இருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு மிகத் தெளிவாகக் கேட்டது, ஐயா. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் அப்படிக் கெஞ்சிப் பேசியதே இல்லை. அவர் சொன்னது இதுதான்:

"நோபு... அந்த மருந்தக் கொஞ்சம் தாயேன்."