மரத்துக்கு வாந்திபேதி வராது

ஒரு ரப்பர்த் தோட்டம் நன்றாக நடக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், இன்ஸ்பெக்டர் ஐயா, அங்கே உள்ள மளிகைக் கடையில் ஒரு கவுளி வெற்றிலை வாங்கிக்கொண்டு சற்று நேரம் நின்றாலே போதும். கடைக்காரர் லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கிற கூலி ஆட்களுக்குச் சிரித்த முகத்தோடு கடன் கொடுத்தால் சம்பளம் ஒழுங்காக வருகிறது. முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தால் சம்பளம் தள்ளிப்போகிறது. கொடுக்கவே மாட்டேன் என்றால் அந்தக் கம்பெனியின் பங்கை அன்றைக்கே விற்றுவிட வேண்டும். லண்டனில் அச்சடித்து வருகிற ஆண்டறிக்கையில் இதெல்லாம் இருக்காது. இருந்தாலும் அது கப்பலேறி வருவதற்குள் காரியம் கெட்டுப்போயிருக்கும்.

நீங்கள் கேட்டது ஐயாவு அத்தானைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன். என் தொழிலைச் சொல்லாமல் நான் செய்ததைச் சொன்னால் உங்களுக்கு விளங்காது.

என் பெயர் உடையப்பன். ஈப்போவில் ஹாலட் துரையின் பங்குத் தரகு ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி. கிராணி என்றால் பேருக்கு. எந்த ரப்பர் கம்பெனியை வாங்கலாம், எதை விற்கலாம் என்று துரைக்குச் சொல்கிற ஆள் நான்தான். மற்றத் தரகர்கள் கிளப்பில் உட்கார்ந்து தோட்டத் துரைமாருக்கு விஸ்கி வாங்கிக் கொடுத்துக் கேட்பார்கள். துரைமார் பொய் சொல்வார்கள். நான் லயத்துக்குப் போவேன். கொஞ்சம் புகையிலை, கொஞ்சம் கருவாடு, பிள்ளைகளுக்கு மிட்டாய். நான் பிறந்தது லயத்தில்தான். என்னைக் கண்டால் யாரும் பேச்சை நிறுத்த மாட்டார்கள்.

பால்மரத்தைத் தொட்டுப் பார்ப்பேன். லாபம் காட்ட அவசரப்படுகிற கம்பெனியில் கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையில் இறங்கியிருக்கும். இந்த வருஷம் பால் கொட்டும், அப்புறம் மரம் மலடு. காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது ஓரமாக நிற்பேன். இடைவெளி தெரிந்தால் காய்ச்சல் என்று அர்த்தம். ஹாலட் துரை முதல் நாளே எனக்கு ஒரு பாடம் சொன்னார். பங்கின் விலை தோட்டத்தின் விலை இல்லை, அந்தத் தோட்டத்தைப் பற்றி அடுத்தவன் நாளைக்கு என்ன நினைக்கப்போகிறான் என்பதற்கு உண்டான விலை என்றார். அவனுக்கு முன்னால் தெரிந்துகொள்வதுதான் தொழில். நான் முன்னால் தெரிந்துகொண்டேன். என் வெட்கம் அங்கிருந்து தொடங்குகிறது.

சிம்பாங் பூலாய்க்கு உள்ளே இருக்கிற வெள்ளைப்பாறைத் தோட்டம் நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த கம்பெனி. போன வருஷம் அங்கே போனபோது லயத்துக் கிணற்றைப் பார்த்தேன். மேட்டில் கக்கூஸ், பள்ளத்தில் கிணறு, கிணற்றுக்குச் சுவர் கிடையாது. புதுக் கிணறு வெட்டப் பணம் ஒதுக்கியிருந்தார்கள், வெட்டவில்லை. நான் ஹாலட் துரையிடம் சொன்னது என்ன தெரியுமா? "இந்தத் தோட்டத்துத் துரை சிக்கனக்காரர், ஒரு ராத்தல் ரப்பருக்கு ஆகிற செலவு கிந்தா வட்டாரத்திலேயே இங்கேதான் குறைவு, வாங்கலாம்" என்றேன். வாங்கினோம். நல்ல லாபம். அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் நல்லம்மா அக்கா குடித்தாள்.

நல்லம்மாள் என் பெரியப்பா மகள். ஐயாவு அத்தான் அவள் புருஷன், அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடுகிற டிரசர். ஆஸ்பத்திரி என்றால் ஒரு கொட்டகை, ஒரு மருந்து அலமாரி, அத்தான். அவ்வளவுதான்.

போன வாரம் திங்கட்கிழமை வழக்கம்போலப் போனேன். பெரட்டில் பாதி ஆள் இல்லை. ஆஸ்பத்திரிக் கொட்டகையில் பாய் போட இடம் இல்லாமல் வெளியே தென்னங்கீற்றின் மேல் படுக்க வைத்திருந்தார்கள். வாசனையிலேயே தெரிந்துவிட்டது. அத்தான் என்னைக் கண்டதும் ஓடிவந்தார். கையைப் பிடிக்கவில்லை. "தொடாதே, கை சுத்தமில்லை" என்று தள்ளியே நின்றார்.

"மச்சான், வாந்திபேதி இது. எனக்கு நல்லாத் தெரியும். தொரை பினாங்கு குதிரைப் பந்தயத்துக்குப் போயிட்டாரு. டெலிபோன் பங்களாவுல பூட்டிக் கெடக்கு. இவங்கள விட்டுட்டு நான் நகர முடியாது. நீ ஈப்போ போனதும் நேரா சுகாதார ஆபீசுக்குப் போய்ச் சொல்லு. டாக்டரும் மருந்தும் இன்னைக்கே வரணும்."

"சொல்றேன் அத்தான்" என்றேன்.

சொல்லத்தான் நினைத்தேன். வாடகைக் காரில் திரும்பும்போது குனோங் ராபாட் வரைக்கும் அதே நினைப்புத்தான். பிறகு மூளை தன் வேலையைச் செய்ய ஆரம்பித்தது. தோட்டத்துக்குள் யாரும் போகக்கூடாது என்று கொடி கட்டிவிட்டால், பால்வெட்டு நின்றுவிட்டால், பங்கு என்ன ஆகும்? விழும். ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் விற்றவன் பிழைத்தான். கையில் பங்கு இல்லாதவன்கூட விற்கலாம். மாதக் கடைசியில் தருகிறேன் என்று இன்றைய விலைக்கு விற்றுவிட்டு, விழுந்த பிறகு மலிவாக வாங்கிக் கொடுத்துவிட்டால் இடையில் உள்ளது லாபம். சட்டப்படி குற்றம் இல்லை, ஐயா. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் மொத்தமாக விற்றால் சந்தை முழித்துக்கொள்ளும். யாருக்கோ என்னவோ தெரிந்திருக்கிறது என்று விலை தானே இறங்கும். கொஞ்சம் இன்றைக்கு, கொஞ்சம் நாளைக்கு, வேறு வேறு தரகர் மூலம் விற்க வேண்டும். அதற்கு வியாழன் வரைக்கும் அவகாசம் தேவைப்பட்டது. சுகாதார ஆபீசுக்குத் திங்கட்கிழமையே சொன்னால் செவ்வாய்க்கிழமை பேப்பரில் வந்துவிடும்.

எனவே நான் சொல்லவில்லை. சுகாதார ஆபீஸ் வாசல் வழியாகத்தான் நடந்து போனேன். வாசலில் ஒரு பியூன் உட்கார்ந்து காதைக் குடைந்துகொண்டிருந்தான்.

புதன்கிழமை மறுபடி தோட்டத்துக்குப் போனேன். அவளைப் பார்க்க வந்ததாக அக்காவிடம் சொன்னேன். செய்தி வெளியே கசிந்துவிட்டதா என்று பார்க்கத்தான் போனேன். கூடவே ஈப்போவிலிருந்து சோடா பாட்டில் கொண்டுபோயிருந்தேன். அக்கா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். நான் சோடாவைத் திறந்தேன்.

அவள் சிரித்தாள். "ஏன்டா, ஈப்போ தண்ணிதான் எறங்குமோ தொரைக்கு? கோட்டப் போட்டா தொண்டையும் மாறிப் போயிருமா லா?"

அந்த டம்ளரை வீணாக்காமல் அவளே குடித்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "கொதிக்க வைத்ததா அக்கா?" என்று கேட்கலாமா என்று இருந்தது. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பாள். பேச்சு எங்கேயோ போகும். கேட்கவில்லை.

அத்தான் வந்தார். முகம் கறுத்து, கண் உள்ளே போயிருந்தது. "சொல்லிட்டியா மச்சான்?"

"சொல்லிட்டேன் அத்தான். வாராங்க."

"எப்ப?"

"மருந்து பினாங்குலேருந்து வரணுமாம். வந்த உடனே கெளம்பிருவாங்க."

இதை ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னேன். தொழிலில் பழகின குரல். அப்போது பால்வெட்டுகாரர் இராமசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அவருடைய பிள்ளை கீற்றின் மேல் கிடந்தது.

"டிரசரே, நான் நடந்தே போயிட்டு வாரேன். ராத்திரிக்குள்ள ஈப்போ போயிறலாம். டாக்டரு கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வாரேன்."

"எதுக்குண்ணே?" என்றார் அத்தான். "இங்கிலீசு பேசுறவன், என் மச்சான், அவனே போய்ச் சொல்லிட்டான். மருந்துக்குத்தான் காத்துக்கிட்டிருக்காங்க. ஒங்களக் கண்டா பியூன் வாசல்லயே தொரத்துவான். பிள்ள பக்கத்துல இருங்க, அவங்களே வந்துருவாங்க."

இராமசாமி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "நல்லா இருப்பீங்க தம்பி" என்றார். மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டுக் கீற்றுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

இதற்குமேல் நான் சொல்வதற்கு என்ன இருக்கிறது? நான் சும்மா இருந்தேன் என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சும்மா இருக்கவில்லை. போகக் கிளம்பின ஆளை உட்கார வைத்தேன். அத்தான் அந்த மூன்று நாளும் வேறு யாரையும் அனுப்பவில்லை என்றால், அது என் பேச்சை நம்பியதால். "டிரசர் வியாதியை மறைத்தான்" என்று தோட்டத்துத் துரை உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாரே, அது பொய். அத்தான் மறைக்கவில்லை. என்னிடம் சொன்னார். என்னிடம் சொன்னதுதான் அவர் செய்த தப்பு.

வியாழக்கிழமை விற்று முடித்தேன். அன்று சாயங்காலமே சுகாதார ஆபீசுக்குப் போவதாக இருந்தேன். மழை. வெள்ளிக்கிழமை காலையில் போகலாம் என்றிருந்தபோது, அரிசி ஏற்றிப்போன மாட்டுவண்டிக்காரன் ஒருவன் சிம்பாங் பூலாயில் செய்தியைச் சொல்லிவிட்டான். டாக்டர் போனார். அதற்கு முந்தின இரவே நல்லம்மா அக்கா போய்விட்டாள். இராமசாமியின் பிள்ளையும். லயத்தில் ஒரு விளக்குகூட எரியாத வீடுகள் வரிசையாக இருந்ததாகச் சொன்னார்கள். என்னை உள்ளே விடவில்லை. சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டார்கள். நான் பாதை முனையில் காரிலேயே உட்கார்ந்திருந்து திரும்பி வந்தேன். டிரைவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவனுக்கு ஒன்றும் தெரியாது. இருந்தாலும் கூச்சமாக இருந்தது.

சனிக்கிழமை பேப்பரில் நாலு வரி. நான் விலைக்காகக் காத்திருந்தேன். திங்கட்கிழமை காலையில் வெள்ளைப்பாறைப் பங்கு ஏறியிருந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஹாலட் துரை பேப்பரை மேசையில் போட்டுவிட்டுச் சுருட்டைப் பற்றவைத்தார். அவர் பழைய தோட்டத்துரை, தமிழ் நன்றாகவே பேசுவார்.

"என்ன உடையப்பன், மூஞ்சி தொங்குது?"

"வெள்ளைப்பாறையில் அத்தனை பேர் செத்திருக்கிறார்கள், துரை. விலை ஏறுகிறதே."

"லண்டன்ல ரப்பர் ஏறுது மேன். நீ ஆளை எண்ணுறே. நான் மரத்தை எண்ணுறேன். ஆளு செத்தா நாகப்பட்டினத்துலேருந்து அடுத்த கப்பல்ல ஆளு வரும். மரத்துக்கு வாந்திபேதி வருமா?"

அவர் சிரிக்கவில்லை. பாடம் சொல்லிக்கொடுக்கிற மாதிரித்தான் சொன்னார். அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அக்காவின் முகம் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நான் கணக்கில் தப்புப் பண்ணிவிட்டேன் என்றுதான் தோன்றியது. அந்த உயிர்களுக்குச் சந்தையில் ஒரு விலை உண்டு என்று நினைத்ததுதான் என் பிசகு. விலையே கிடையாது. லயத்தில் பிறந்த நானே அவற்றை அதிகமாக மதிப்பிட்டுவிட்டேன்.

அன்று பகலுக்குள் நான் விற்றதையெல்லாம் நஷ்டத்தில் திரும்ப வாங்கினேன். அதோடு நிற்கவில்லை. செட்டியாரிடம் கடன் வாங்கி அதே பங்கை மேற்கொண்டும் வாங்கினேன். ஏறுகிற பங்கு, சிக்கனமான தோட்டம். இதைச் சொல்லும்போது என் காதே கூசுகிறது. ஆனால் நல்ல கொள்முதல், ஐயா. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நேற்றுப் புதன்கிழமை அத்தானை நீங்கள் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். பெண்டாட்டியைப் புதைத்த மண் காயவில்லை. அவர் உங்களிடம் என் பெயரைச் சொல்லவில்லை என்றார்கள். சொல்ல மாட்டார். மச்சான் போய்ச் சொல்லியிருப்பான், ஆபீசில்தான் யாரோ கவனிக்காமல் விட்டிருப்பார்கள் என்று இன்னமும் நினைத்துக்கொண்டிருப்பார். அது எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமலே இன்றைக்கு நானாக வந்து உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் குற்றவாளி இல்லை. நான்தான். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன், சொல்லவில்லை, சொன்னதாகப் பொய் சொன்னேன், போகக் கிளம்பினவரைப் போகவிடாமல் செய்தேன். எங்கே கேட்டாலும் இதையே சொல்வேன். கையெழுத்தும் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள்.

இது வெளியே வந்தால், டிரசர் சொல்லியும் துரை ஊரில் இல்லை, டெலிபோன் பூட்டிக் கிடந்தது, கிணற்றுக்குச் சுவர் இல்லை என்பதெல்லாம் சேர்ந்து வரும். குற்றம் கம்பெனி மேல் திரும்பும். தோட்டத்துக்கு இந்தியாவிலிருந்து ஆள் எடுக்கிற அனுமதியை சர்க்கார் நிறுத்திவிடும். மரம் இருந்தும் வெட்ட ஆள் இருக்காது. அப்போது பங்கு நிச்சயம் விழும். இந்த முறை என் கணக்கில் பிசகு இல்லை.

இன்றைக்கு வியாழன். நான் வாங்கி வைத்திருக்கிற பங்கை அதற்குள் விற்றாக வேண்டும். மொத்தமாக விற்றால் சந்தை முழித்துக்கொள்ளும். சனிக்கிழமை பகல் வரைக்கும் இந்தக் காகிதத்தை உங்கள் மேசைக்குள்ளேயே வைத்திருங்கள். வருகிற லாபத்தில் பாதி அத்தானுக்குத்தான், அவருக்காக ஒரு நல்ல வக்கீல் வைக்கலாம். இரண்டு நாள் லாக்கப்பில் இருப்பதால் அவருக்கு ஒன்றும் ஆகிவிடாது. வேண்டுமானால் நானே உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன்.

நான் சொன்னால் அத்தான் காத்திருப்பார்.