பூவாத்தாக்கா கத்தி

அதைத் தொடாதீங்க. மொதல்ல செல்லைப் பைக்குள்ள போடுங்க, பொறவு பேசலாம். ஏனுங்க, கத்தியைப் பத்திப் புத்தகமா? நல்ல கத்தியை ரோசிச்சுக் கண்டுபிடிச்சவங்களைப் பத்தியா? சரி, எந்தக் கம்பெனி அனுப்புச்சு? கம்பெனியே இல்லைங்கறீங்க. போன தடவை வந்தவனும் அதையேதானுங்க சொன்னான்.

உக்காருங்க. அந்த மூட்டை மேல வேண்டாம், மாவு ஒட்டும். பதினெட்டு வருசமா ஜவ்வரிசி பண்ற இந்த சேகோ மில்லுல குச்சிக்கிழங்கு, அதானுங்க மரவள்ளி, தோலுரிக்கறேனுங்க. கத்தியை எங்கையில வெச்சே பாத்துக்குங்க, குடுக்க மாட்டேன். மூக்கு வளைஞ்சிருக்குதுங்களா? அதுல ஒரே கீறு. அப்பறம் முதுகைக் குடுத்து நெம்புனா, தோலு சட்டையாட்டம் கழண்டுரும். முன்ன நேர்கத்தியில சீவுவோம். தோலோட மாவும் போவும், ஓனரு கத்துவாரு. கட்டைவெரலு கிழிஞ்சு, கிழங்குப்பாலு பட்டு எரியும். பிடியைப் பாருங்க, கொஞ்சம் தாழ எறங்கியிருக்கும். மணிக்கட்டை மடக்க வேண்டியதில்லை. சைக்கிள் டியூபு சுத்துனது வழுக்காம இருக்கறதுக்கு.

யாரு ரோசிச்சதா? பூவாத்தாக்கா. எம்பக்கத்துல உக்காந்து உரிச்சவங்க. மணிக்கட்டு வீங்கி, சோத்தைக்கூடப் பெசைய முடியலை அவங்களுக்கு. படம் போடத் தெரியாதுங்க. ஒரு கிழங்கையே இந்த ரூபத்துல செதுக்கி, பட்டறைக்கார அம்மாசிகிட்ட நீட்டி, இப்படி அடிச்சுக் குடுங்கன்னாங்க. மூணு வாட்டி சரியில்லைன்னு திருப்பிக் குடுத்தாங்க. நாலாவதா வந்ததுதான் இது. ஒரே மாசத்துல ஷெட்டுல அத்தனை பேரு கையிலயும் இதே கத்தி.

எதுக்கு இப்ப எழுதறீங்க? நான் சொல்லி முடிக்கலையே.

போன தடவை வந்தவன் போட்டோ புடிச்சுட்டுப் போயிட்டானுங்க. எட்டு மாசம் கழிச்சு சேலத்துல ஒரு கடையில பாக்கறேன், இதே கத்தி, பிளாஸ்டிக் பிடி போட்டுத் தொங்குது. பிடியை நேரா வெச்சிருக்கறான். அது எதுக்குத் தாழ இருக்குதுன்னே அவனுக்குப் புரியலை.

அக்கா எப்படி உட்டாங்கன்னு கேக்கறீங்களா? அவங்களை அவன் எங்கீங்க கேட்டான்? இது யாரு டிசைனுன்னான். என்னுதுன்னு சொல்லிட்டனுங்க. சௌந்திரம்னு பேரும் சொன்னேன். ஏன் சொன்னேன்னு இன்னிக்கும் தெரியலை. கேமரா எம்மூஞ்சிக்கு நேரா இருந்துச்சு, வாயில வந்துருச்சு. அக்கா பக்கத்துலயேதான் இருந்தாங்க. தலையை நிமித்தலை. கையில இருந்த கிழங்கை உரிச்சு முடிச்சாங்க. மக்யாநாளு விடிஞ்சதுலருந்து வேலைக்கே வரலைங்க.

வாழப்பாடியில மக ஊட்டுல இருக்கறாங்க. நான் வழி சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க. ரெண்டு வாட்டி போனேன். பட்டப்பகல்ல, அம்மா தூங்கறாங்கன்னு மக சொல்லி அனுப்பிருச்சு. நீங்க போனா முழிச்சிருப்பாங்க.