கொப்பரைப் புகை

– மறுபடியும் வருது பாரு. மூக்கை வெச்சுப் பாரு, பாஸ்கால்.

– வருதுக்கா. லாவெண்டர் வயல் ஓரத்துல கடை போட்டு உக்காந்துக்கிட்டு லாவெண்டர் வாசனை வருதுன்னா நான் என்ன பண்றது?

– பூ வாசனை இல்லடா. எரியற வாசனை. சக்கை எரியுது.

– அப்படின்னா ருஸ்தான் மாமா அடுப்பு மூட்டியிருக்காரு. மலைக்கு அந்தாண்ட அவரோட எண்ணெய் காய்ச்சுற கொப்பரை, காத்தும் அங்கேயிருந்துதான் வீசுது. வடிச்சு முடிச்ச சக்கையைக் காயப் போட்டு, அதையே அள்ளி அடுப்புல திணிப்பாரு. நாம பொறந்ததுலேர்ந்து ஜூலை மாசம்னா இந்த வாசனைதான். நீ என்னமோ இன்னைக்குத்தான் புதுசா மோந்து பாக்குறே.

– இன்னைக்கு சிவப்பு நாள். காலையில நோட்டீஸ் பாத்தே இல்ல? காட்டு வழியெல்லாம் மூடியாச்சு. வெளியில ஒரு தீக்குச்சி கிழிக்கக் கூடாது. இப்படி மிஸ்த்ரால் காத்து மூணு நாளா பிச்சு வாங்குறப்ப ஒருத்தர் அடுப்பு மூட்டுறாருன்னா, மண்டையில என்னதான் இருக்கு?

– எழுபத்தெட்டு வயசு இருக்கு. அந்த மனுஷன் என்னைக்கு நோட்டீஸ் படிச்சாரு? அவருக்குப் பூ முத்துச்சுன்னா காய்ச்சணும், அவ்வளவுதான். கொஞ்சம் இரு, ஆள் வருது. வாங்கம்மா, வாங்க. ரெண்டு பேரா? இந்தாங்க, ஆளுக்கொரு கருக்கரிவாள், ஆளுக்கொரு பை. ஒரு கைப்பிடி சேத்துப் பிடிச்சு, பச்சைத் தண்டு இருக்கற இடத்துல அறுங்க. கீழ கட்டைக்குப் போயிடாதீங்க, செடி பொழைக்காது. தேனீயா? அது வேலையை அது பாக்கும், உங்க வேலையை நீங்க பாருங்க, சண்டையே வராது. வண்டியை எங்க விட்டீங்க? மேல் வயல்லயா? நல்லதாப் போச்சு. கிளம்பறப்ப அதோ அந்தத் தோப்பு வழியா ஏறுனா பத்து நிமிஷம்.

– இன்னும் மேல் வயலுக்குத்தான் வண்டியை அனுப்புறியா?

– கீழ பத்து மணிக்கே ரொம்பிடுச்சுக்கா. வண்டியைத் தலையிலயா வெச்சுக்கிறது?

– அது வண்டி விடற இடமா? செத்த வயல்டா அது. அந்தக் கெழட்டுச் செடியைப் பிடுங்கிப் போடு, பிடுங்கிப் போடுன்னு ரெண்டு வருஷமாச் சொல்றேன். ஒவ்வொண்ணும் விறகாட்டம் நிக்குது, நடுவுல முழங்கால் ஒசரத்துக்குக் காஞ்ச புல்லு. மலை ஏறிக் கொதிச்சுப் போய் வர்ற வண்டியை அது மேலயே கொண்டுபோய் நிறுத்தச் சொல்றே.

– புல்லை வெட்டத்தான் நேத்து மெஷினை எடுத்துட்டுப் போனேன். கல்லுல பிளேடு பட்டாப் பொறி பறக்கும், வேண்டாம், திரும்புன்னு போன் போட்டது யாரு? மகாராணி ஒடில்.

– நான்தான். வெட்டாதேன்னு சொன்னேன். வெட்டாத இடத்துல வண்டியை விடுன்னா சொன்னேன்?

– இன்னைக்கு ஒரு நாள்தானேக்கா. செவ்வாய்க்கிழமை அறுப்பு மெஷின் வந்துடும். அதுக்கப்புறம் இங்க வந்து யாரு என்னத்தைப் பறிக்கப் போறாங்க, மொட்டைக் கட்டையையா? இதான் கடைசி ஞாயித்துக்கிழமை. இவ்வளவு கூட்டம் நம்ம வயல்ல நீ பாத்திருக்கியா?

– பாத்ததில்ல. அதான் பயமா இருக்கு. வண்டி போக இருக்கறது ஒரே ரோடு, இவ்வளவு ஜனம். அந்த ஆளோட அடுப்புலேர்ந்து ஒரு பொறி மலையைத் தாண்டி வந்து இந்தப் பூவுல விழுந்துச்சுன்னா என்ன பண்ணுவே? இது வெறும் செடி இல்ல, முழுக்க எண்ணெய். மணி அடிச்சு எல்லாரையும் அனுப்பிடலாம். மூடிடலாம், சொல்லிட்டேன்.

– மணியைக் கீழ வை.

– பாஸ்கால்.

– வைக்கா. போன வருஷம் ஆலங்கட்டி. அதுக்கு முந்தின வருஷம் பூச்சி அடிச்சுப் பாதி வயல் போச்சு. இந்த வருஷமும் தேறலைன்னா மார்செய்க்குப் போயிடலாம்னு செலின் சொல்றா. அவ அண்ணன் எனக்குத் துறைமுகத்துல ஒரு வேலை பாத்து வெச்சிருக்கானாம். கட்டுனவ போறேன்னா நானும் போகணும். எனக்குப் போகப் பிடிக்கலை. இன்னைக்குக் காலையில அவளே சிரிச்சா, தெரியுமா? கூட்டத்தைப் பாத்துச் சிரிச்சா. நாலு மணி வரைக்கும் விடு.

– அவ எங்க இப்ப?

– மேலதான். லியோன்லேர்ந்து ஒரு பெரிய வேன் வந்துச்சே, ஒரு மணி நேரம் இருக்கும். அதுல ஒரு பெரியவர், நடக்க முடியாது. மகளுங்க பூ அறுக்கறாங்க, அவரு வண்டிக்குள்ளயே இருக்காரு. வெயில் தாங்காதுன்னு இன்ஜினை ஓடவிட்டுக் குளுகுளுன்னு வெச்சிருக்காங்க. பாவம்னு செலின் தண்ணியும் ஆப்ரிகாட்டும் எடுத்துட்டுப் போனா.

– இன்ஜின் ஓடிக்கிட்டா நிக்குது? அந்தச் செடி மேலயா?

– நடுவுல எங்கயாவது நிக்கும். எல்லாத்துக்கும் பயந்தா எப்படிக்கா?

– போனவ வரலையே.

– பேச ஆள் கெடைச்சா விடுவாளா அவ? அந்தப் பெரியவரோட கல்யாணக் கதையில இருப்பா இப்ப.

– போன் போட்டுப் பாரு.

– தோப்புக்கு அந்தாண்ட எந்தக் காலத்துல சிக்னல் கெடைச்சுது? உனக்குத் தெரியாததா?

– தெரியும். போட்டுத்தான் பாரேன்.

– போட்டாச்சு. அடிக்கவே இல்ல. திருப்தியா?

– இல்ல. ஒண்ணு கவனிச்சியா? சத்தமே இல்ல.

– இவ்வளவு ஜனம் கத்திக்கிட்டு இருக்கு, சத்தம் இல்லையா?

– தேனீ. காலையில காதைக் கிழிச்சுது. இப்ப இந்த வரிசையில ஒண்ணு கூட இல்ல. போய்க் கூட்டைப் பாத்தேன். எல்லாம் உள்ள போய் அடைஞ்சு கெடக்கு.

– காத்துக்குப் பறக்காதுக்கா.

– காத்து நேத்தும்தான் அடிச்சுது. நேத்துப் பறந்துச்சே.

– அப்ப மாமா புகைதான். புகை பட்டா தேனீ கூட்டுக்குள்ள ஓடிப் போய்த் தேனைக் குடிச்சு வயித்தை ரொப்பிக்கும். நீதானே எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தே. இந்தாங்கய்யா, பையை இங்க வைங்க. அடேங்கப்பா, பாதி வயலையே மொட்டை அடிச்சுட்டீங்க போல. என்னது, முயலா? எத்தனை? நாலா? மேலேயிருந்து இறங்கி உங்க கால்கிட்டயே ஓடிச்சா? பாத்தியாக்கா, முயலெல்லாம் பூ பறிக்க வந்துடுச்சு. அதுக்கும் டிக்கெட் போடணும். போட்டோ எடுத்தீங்களா? நல்லா விழுந்திருக்கே. சந்தோஷமாப் போயிட்டு வாங்க.

– நாலு முயல். மட்ட மத்தியானத்துல. மனுஷங்க நடுவுல.

– குழந்தைங்க விரட்டியிருக்கும்.

– மேல குழந்தைங்க இல்லையே. பறிக்கறவங்க எல்லாம் கீழதானே இருக்காங்க.

– அக்கா, நீ இப்படியே பேசிக்கிட்டிருந்தா எனக்கும் வேலை ஓடாது. இந்தா, ரெண்டு ஆலிவ் காயை வாயில போட்டுக்கோ. காலையிலேர்ந்து எதுவும் சாப்பிடலை நீ.

– வேண்டாம். தோப்புக்கு மேல பாரு. வானம் பழுப்பாயிருக்கு.

– மாமா கொப்பரை ஏத்துன அன்னைக்கெல்லாம் அப்படித்தான் இருக்கும். காத்து புகையை மேல விடாது, அமுக்கித் தரையோட தள்ளும். முன்ன துணி காயப் போட்டா நீ அவரைத் திட்டிக்கிட்டே எடுப்பே, ஞாபகம் இல்லையா?

– அதெல்லாம் ஞாபகம் இருக்கு. இது என்ன, சொல்லு. இப்ப மேசை மேல விழுந்துச்சு.

– சாம்பல்.

– நல்லாப் பாரு. தண்டு அப்படியே இருக்கு. முனையில பூ இருந்த இடம் கூடத் தெரியுது. தொட்டா உதிருது.

– குடு, பாக்கறேன். ஆமா, உதிருது.

– இப்ப என்னடா சொல்றே?

– இல்ல. சாம்பல் இவ்வளவு தூரம் வந்ததில்ல. அடுப்பை ரொம்பத் திணிச்சுட்டாரு போல. கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்கிட்டாரோ என்னமோ.

– சாம்பல் வருதுன்னா பொறியும் வரும்.

– வரும்.

– மணி அடிக்கட்டுமா?

– நாலு மணி வரைக்கும்னு சொன்னேன்ல. இன்னும் ஒரு மணி நேரம்.

– பாஸ்கால், இத்தனை பேர் நம்மளை நம்பி வந்திருக்காங்க. ஏதாவது ஆச்சுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன். மார்செய்க்குப் போனா போயேன். நான் ஒத்தையா இருந்துக்கறேன். இவங்களை அனுப்பிடு. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். இதுக்கு முன்ன எதுக்காவது கெஞ்சியிருக்கேனா?

– இல்ல.

– அப்ப மணியைக் குடு.

– நீ அடிக்காதே. நீ அடிக்கற அடியில கலவரம்னு நெனச்சு ஓடுவாங்க. நானே அடிக்கறேன், நானே சொல்றேன்.

– கூட்டத்தை ஒண்ணா விடாதே. மேல் வண்டியும் கீழ் வண்டியும் இறங்க ஒரே ரோடு, நெரிசலாயிடும். மேல வண்டி விட்டவங்க முதல்ல போகட்டும். அவங்கதான் நெறைய பேர், நடக்கவும் வேணும். கீழ வண்டி விட்டவங்க அவங்க போற வரைக்கும் இங்கயே நிக்கட்டும்.

– அதுவும் சரிதான். அம்மா, அய்யா, எல்லாரும் இப்படிப் பாருங்க. மணி அடிச்சா முடிஞ்சுதுன்னு அர்த்தம். இன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரம் முடிக்கறோம். காத்து ஜாஸ்தி, வேற ஒண்ணும் இல்ல. மேல் வயல்ல வண்டி விட்டவங்க முதல்ல கிளம்புங்க. அரிவாளை அந்தக் கூடையில போட்டுட்டு, தோப்பு வழியா நேரா ஏறிப் போங்க. ஓட வேண்டாம். பை பாதிதான் ரொம்பியிருக்கா? இங்க நான் கட்டி வெச்ச பூக்கட்டுல ரெண்டு எடுத்துக்கோங்க, சும்மாதான். லியோன் அக்காங்களே, நீங்களும்தான். அப்பா அங்க தனியா இருப்பாரு, போங்க. என் பொண்டாட்டி கூடத்தான் இருக்கா, அவளை இறங்கி வரச் சொல்லுங்க. இல்லம்மா, அந்தப் பக்கம் போகாதீங்க, அது சுத்து வழி. தோப்பு வழியாவே போங்க.

– கேக்கறாங்களா?

– கேக்கறாங்க. நல்ல ஜனம். மொணமொணன்னு மொணகிக்கிட்டு, ஆனா வரிசையாப் போறாங்க.

– எத்தனை பேர் இருக்கும்?

– எழுபது, எண்பது. அதோ, முன்ன போறவங்க தோப்புக்குள்ள நுழைஞ்சுட்டாங்க. வெள்ளைத் தொப்பி போட்ட பாட்டிம்மா கையை ஆட்டறாங்க பாரு.

– பாத்தேன். அப்பாடா. இப்பத்தான்டா எனக்கு மூச்சு வருது.

– எனக்கும்தான். உண்மையைச் சொல்லட்டுமா? அந்தச் சாம்பலைப் பாத்ததும் எனக்கும் பயம் வந்துடுச்சு.

– தெரியும். காட்டிக்க மாட்டே. கோவமா என் மேல?

– இல்லக்கா. நீ சொன்னது சரி. போற வியாபாரம் போகட்டும். சாயங்காலம் நான் செலின்கிட்டப் பேசறேன்.

– நானும் வர்றேன். அவ என்னைத் திட்டுவா, பரவாயில்ல. அது யாருடா, கீழேயிருந்து வர்றது? தூசியைக் கிளப்பிக்கிட்டு இவ்வளவு வேகமா?

– பச்சை வண்டி. ருஸ்தான் மாமா வண்டி மாதிரில்ல இருக்கு.

– அவரு எப்படிக் கீழேயிருந்து வருவாரு? அவர் வீடு மலைக்கு அந்தாண்ட.

– அவரேதான். ஜன்னல்ல கையை விட்டு ஆட்டிக்கிட்டே வர்றாரு.

– வரட்டும். இன்னைக்கு நான் விடறதா இல்ல.

– மெதுவாக்கா. வயசானவர்.

– மாமா, இங்க நிறுத்துங்க. நல்லா இருக்கா நீங்க செய்யறது? சிவப்பு நாள்ல, இந்தக் காத்துல அடுப்பை மூட்டி, அதையும் ஆளில்லாம விட்டுட்டு ஊருக்குள்ள சுத்தப் போயிட்டீங்களா? உங்க சாம்பல் எங்க மேசையில விழுது. உங்களுக்குப் பயந்து வயலையே மூடிட்டோம். மேல் வயல்ல வண்டி விட்டவங்க அத்தனை பேரையும் இப்பத்தான் அனுப்பி வெச்சோம்.

– என்ன ஒடில், நான் கேக்க வந்ததை நீ கேக்கறே? மூச்சு வாங்குது, இரு. கேட்டியா, நேத்து ராத்திரியே நான் கீழ ஊர்ல மக வீட்டுக்கு வந்துட்டேன், இன்னைக்குப் பேரனுக்கு விருந்து. சாப்பாட்டு மேசை வரைக்கும் செடி எரியற வாசனை. சிவப்பு நாளும் அதுவுமா இந்தப் பாஸ்கால் பய மேல் வயல்ல இருக்கற செத்த செடியைக் கொளுத்திட்டான் போலன்னு, உங்களைத் திட்டத்தான் பாதி சாப்பாட்டுல எழுந்து வர்றேன்.

– அப்ப நீங்க காய்ச்சலையா, மாமா?

– என் கொப்பரை வியாழக்கிழமையிலேர்ந்து சில்லுன்னு கெடக்கும்மா.