நான்கு வரி வேலை

ஒரு வேலையைத் தாளில் எழுதும்போது வரிக்கு ஒரு வினைச்சொல் போதும். அள்ள வேண்டும், கழுவ வேண்டும், பூட்ட வேண்டும். ஒரே வரியில் இரண்டு வந்தால் ஆள் குழம்பிப்போவான். திருச்சியில் கற்றுக்கொண்டது இது. கடல் கடந்து இந்தத் தீவுக்கு, சவுசவு ஊரின் கொப்பரை எண்ணெய் ஆலைக்குப் பணியாளர் அதிகாரியாக வந்த பிறகுதான் இதன் அருமை தெரிந்தது. எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம் என்றீர்கள், இன்ஸ்பெக்டர். தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்க்கிறவருக்குச் சிரமம் இருக்காது. சுந்தரராஜன் எழுதினால் தெளிவாக இருக்கும் என்று ஆலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பாய்லரைப் பார்த்துக்கொண்டவர் வெங்கடசாமி. இங்கேயே பிறந்தவர், கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்த மதராஸ்காரரின் கொள்ளுப்பேரன். உரிமம் வாங்கி, இருபத்திரண்டு வருடம் அந்த இரும்போடு குடித்தனம் நடத்தியவர். சத்தத்தைக் கேட்டே நீராவி எவ்வளவு என்று சொல்லிவிடுவார்.

இரண்டாயிரம் மே மாதம் தலைநகர் சுவாவில், இந்திய வம்சாவளிப் பிரதமரின் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். ஜூலைக்குள் வெங்கடசாமி வீட்டுக் கூரையில் மூன்று முறை கல் விழுந்தது. என்னிடம் வந்தார்.

"சார், நியூசிலாந்துக்கு எழுதிப் போட்டுக்கிறேன். நம்ம வேலை இன்னான்னு கம்பெனி காகிதம் கேக்கறாங்க. நீங்கதான் நல்லா எழுதுவீங்களாமே."

"அதுக்கென்ன அண்ணே, எழுதி நானே அனுப்பிடறேன்," என்றேன்.

எழுதினேன். கொட்டாங்குச்சியைக் கொண்டுவர வேண்டும். அடுப்பில் போட வேண்டும். சாம்பலை அள்ள வேண்டும். தரையைப் பெருக்க வேண்டும். நான்கு வரி. ஒன்றுகூடப் பொய்யில்லை, நான்கையும் அவர் தினமும் செய்தார். உரிமத்தைப் பற்றி எழுதவில்லை. தண்ணீர் அளவு காட்டும் கண்ணாடிக் குழாயைப் பற்றியும் எழுதவில்லை. அவர் போனால் பாய்லர் நிற்கும், பாய்லர் நின்றால் ஆலை நிற்கும், ஆலை நின்றால் நான் திருச்சிக்குத் திரும்ப வேண்டும். யோசித்துப் பாருங்கள், யாராயிருந்தாலும் செய்வதுதான்.

உறையை ஒட்டி அனுப்பிய மதியம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஐஸ்கிரீம் வாங்கித் தின்றுகொண்டே படகுத்துறைவரை நடந்தேன். மூட்டை முடிச்சோடு சுவா படகில் ஏறிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் கையசைத்தேன். முன்பின் தெரியாதவர்கள். அவர்களும் அசைத்தார்கள்.

திறமை தேவைப்படாத வேலை என்று பதில் வந்தது. வெங்கடசாமி அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "நம்ம ராசி சார்," என்றார். டீ வரவழைத்துக் கொடுத்தேன். இன்னொரு தரம் போடுங்கள் என்றேன். இன்னொரு தரமும் நானே எழுதினேன்.

பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. ஃபிட்டர் கமலேஷுக்கு, நட்டுகளை முடுக்க வேண்டும். எண்ணெயைச் சோதிக்கும் ஷாலீனுக்கு, குப்பிகளைக் கழுவ வேண்டும். மொத்தம் ஒன்பது பேர். எழுதும்போதே சிரிப்பு பொத்துக்கொண்டு வரும், கதவைச் சாத்திக்கொள்வேன். நாடே காலியாகிக்கொண்டிருந்தது, எங்கள் ஆலையில் ஓர் ஆள் குறையவில்லை. சுவாவிலிருந்து முதலாளி போன் செய்து, எப்படி ஐயா பிடித்து வைத்திருக்கிறீர் என்று கேட்டார். வேலை தெளிவாக இருந்தால் யாரும் போகமாட்டார்கள் என்றேன்.

மறு வருடம் வெங்கடசாமியின் தங்கை ஆக்லாந்திலிருந்து பொறுப்பேற்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டாள். அதற்குக் கம்பெனி காகிதம் தேவையில்லை.

"இன்னும் ஒரு மாசம் இருக்குது சார். புது ஆளை என்கூட நிறுத்துங்க, காட்டிக் குடுக்கறேன். கண்ணாடியில தண்ணி எறங்கினா இன்னா பண்றதுன்னு தெரியாதவன் அங்க நிக்கக் கூடாது. வெடிச்சுடும்."

"வேண்டாம் அண்ணே. எல்லாம் தாள்ல எழுதியாச்சு."

"அந்தத் தாளைக் கொஞ்சம் காட்டுங்க."

"டைப் ஆகிட்டிருக்கு," என்றேன்.

காட்டியிருந்தால் தன்னை ஏன் இரண்டு முறை தள்ளினார்கள் என்று அவருக்குப் புரிந்திருக்கும். புதிதாக எழுதினாலோ, ஒரே வேலைக்குக் கோப்பில் இரண்டு விவரம் இருக்கும். மற்ற எட்டுப் பேரும் கேள்வி கேட்பார்கள். ஆகவே அதே நான்கு வரி. அவர் விமானம் ஏறிய மறுநாள் பிரனீலை வேலைக்கு எடுத்தேன்.

லம்பாசாப் பக்கம் கரும்பு போட்டவன். குத்தகை முடிந்து நிலத்தை விட்டு மனைவி பிரித்திகாவோடு வந்தவன். முப்பத்து நான்கு வயது. தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் இருந்த தாளை வாய்விட்டுப் படித்துவிட்டு, "இத்னா ஹீ, சார்?" என்றான். இவ்வளவுதானா என்று.

"ஹாங், இத்னா ஹீ," என்றேன்.

மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

பதினோரு நாள் நன்றாகவே போயிற்று. அவன் அறியாமலே ஷாலீன் போகிற வருகிற நேரத்தில் பாய்லருக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறாள், பிற்பாடுதான் தெரிந்தது. பன்னிரண்டாம் நாள் அவள் லீவு. காலை ஒன்பதரை மணிக்கு பாய்லர் கொட்டகை வழியாக வந்தேன். கண்ணாடியில் தண்ணீர் இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், வெங்கடசாமி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். பிரனீல் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தான். "நமஸ்தே சார்," என்றான்.

வெளியே ஓடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், அது ஏன் தாளில் இல்லை என்று கேட்பான். நானும் நமஸ்தே சொல்லிவிட்டுத் தபால் நிலையத்துக்கு நடந்தேன். கொஞ்சம் வேகமாகவே நடந்தேன். ஸ்டாம்பு ஒட்டிக்கொண்டிருக்கும்போது சத்தம் கேட்டது. மீதி ஸ்டாம்புகளையும் ஒட்டி முடித்துவிட்டுத்தான் திரும்பினேன். அதையும் மறைக்க விரும்பவில்லை.

பிரனீலைக் கொன்றது நான்தான். இந்த வரியை அப்படியே மொழிபெயர்க்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் திருத்துங்கள். அவன் வேலையில் கவனக்குறைவாக இருந்தான் என்று உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். அது அநியாயம். சாம்பலை அள்ளியிருந்தான். தரை பளிச்சென்று இருந்தது. நான் எழுதியதை வரி பிசகாமல் செய்தவன் அவன் ஒருவன்தான். இதைப் பிரித்திகாவிடம் நானே நேரில் சொல்ல அனுமதி வேண்டும். கேட்டால் அவளுக்கு மனசு குளிர்ந்துவிடும்.