இடப்பக்கம் மூன்று கல்

எனக்கு மூட்டுவலி உண்டு ஐயா. அதனால்தான் இறங்கும்போது நான் முன்னால் வந்தேன். மலையேறும் எங்கள் மூவருக்குள் அது பழைய ஏற்பாடு. மெதுவாக நடப்பவன் முன்னே இறங்கி, பாதை பிரியும் இடத்தில் சரியான பக்கம் மூன்று கல் அடுக்கிவிட்டுப் போவான். பின்னால் வருபவன் பனிமூட்டத்திலும் வழி தவற மாட்டான்.

எங்கள் வீட்டுக்குச் 'சிகரத்தார் வீடு' என்று பெயர். காரணம், கூடத்தில் மாட்டியிருக்கும் படம். இருபத்தாறு வயதில் இதே சிகரத்தின் உச்சியில், உலகத்தை விலைக்கு வாங்கியவன்போல் இடுப்பில் கைவைத்து நிற்கிறேன். உண்மையில் அது பாதி வழியில் எடுத்தது. வயிறு கெட்டுப்போய் அதோடு திரும்பிவிட்டேன். பின்னால் மேகம் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. நாற்பத்து மூன்று வருடம் அந்த ஒரு மேகத்தை வைத்துத்தான் மானத்தோடு காலம் தள்ளினேன்.

"நம்ம குடும்பத்துல பாதியில திரும்புற வழக்கம் இல்லை" என்று அந்தப் படத்தின் கீழ் உட்கார்ந்து சொல்வேன். மகன் படிப்பை விட நினைத்தபோது சொன்னேன். மகள் கன்னம் வீங்கிப் பெட்டியோடு வந்து நின்றபோதும் சொன்னேன். அவள் திரும்பிப் போனாள்.

இந்த முறை கூப்பிட்டது எங்கள் மூவரில் ஒருவனான பல் டாக்டர். "வழி தெரிஞ்சவன் நீதானே, முன்னால நட" என்றான். தெரியாத வழியில் தெரிந்த முகத்தோடு நடந்தேன். தையல்காரன் காலில் கொப்புளம் வந்து நடுவழிக் குடிலிலேயே தங்கிவிட்டான். நாங்கள் இருவரும் உச்சியைத் தொட்டோம்.

அங்கே ஒரு தகரப் பெட்டி. ஏறியவர்கள் காலங்காலமாகக் கையெழுத்திட்ட புத்தகங்கள் உள்ளே இருந்தன. அப்படியொன்று இருப்பதே எனக்குத் தெரியாது. ஏறியிருந்தால் தெரிந்திருக்கும்.

பல் டாக்டர் புரட்டினான். "டேய், உன் வருஷத்துல மொத்தமே பதினாலு பேரு. உன்னைக் காணோமே?"

"அன்னிக்குப் பேனா இல்ல."

"மத்தவன் எல்லாம் பேனாவோட பொறந்தானா?" சிரித்துவிட்டு, செல்போனில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்தான். "ஞாயித்துக்கிழமை உன் வீட்டுச் சாப்பாட்டுல உன் மகள்கிட்ட காட்டப் போறேன். பாவம், அவளாவது மூச்சு விடட்டும்."

நான் கையெழுத்திட்டுவிட்டு, கவியத் தொடங்கியிருந்த பனிமூட்டத்துக்குள் முன்னால் இறங்கினேன். பாதை பிரியும் இடத்தில், வழி தெரிந்தவனல்லவா, இடப்பக்கம் போனேன். இருபதடியில் தரை முடிந்து, ஊன்றுகோல் காற்றில் தொங்கியது. பின்வாங்கி வந்து, நல்ல தட்டைக் கல்லாக மூன்று பொறுக்கினேன். குனிவதற்குள் மூட்டு உயிரை எடுத்தது. இடப்பக்கமே அடுக்கினேன். ஆடாமல் நிற்கிறதா என்றும் பார்த்தேன்.

பிறகு ஒரு பாறை மறைவில் உட்கார்ந்தேன். அவன் சீட்டியடித்துக்கொண்டு வந்தான். கல்லைப் பார்த்து, "பரவால்லையே, கிழவன் ஒழுங்கா அடுக்கியிருக்கான்" என்றான்.

இருபதடி என்பது பத்துப் பன்னிரண்டு எட்டு. கூப்பிட நேரம் இருந்தது. வாயையும் திறந்தேன். ஆனால் ஐயா, எங்கள் குடும்பத்தில் பாதியில் திரும்பும் வழக்கம் இல்லை.