நேப்பிள்ஸ் மாப்பிள்ளை

பிலோமினா: காய்ச்சல் எங்க அடிக்கி? நெத்தி ஐஸ்பெட்டி கணக்கா இருக்கு.

அமலன்: உள்காய்ச்சல்ளா...

பிலோமினா: ஆறுமுகநேரியில நாலாவது பீட்சா கடை திறக்கிற அன்னைக்குத்தான் உள்காய்ச்சல் வரணுமா? எந்திரிங்க.

அமலன்: நீயும் மவனும் போயி ரிப்பன வெட்டிட்டு வாங்க. ஆமா... கடைய செபஞ்சொல்லி மந்திரிக்க சாமி வந்துட்டாவளா?

பிலோமினா: எந்தச் சாமி? நம்ம பங்குச்சாமியா, விருந்தா வந்திருக்க இத்தாலிச்சாமியா?

அமலன்: அந்த... ரெண்டாவது.

பிலோமினா: அவுகதான் மொத ஆளா வந்து உக்காந்திருக்காவளாம். சொந்த ஊரே நேப்பிள்ஸாம்.

அமலன்: மாதாவே...

பிலோமினா: நீங்க கப்பல் குசினியில சமையலுக்குப் போயி, அங்க எறங்கி பீட்சா படிச்சத மவன் ஜெர்சன் சொல்லிருக்கான்.

அமலன்: சொல்லிட்டானா?

பிலோமினா: சொல்லணுமாக்கும். மூணு கடை போர்டுலயும் 'நேப்பிள்ஸ் அமலன் பீட்சா'ன்னு எழுதிக் கெடக்கு. எந்தத் தெருவுல இருந்தியன்னு சாமி கேக்காவ.

அமலன்: கடலோரத் தெருன்னு சொல்லு. துறைமுகம்னா கடலோரம் தெரு இருக்கும்லா.

பிலோமினா: ரெண்டு வருசம் இருந்த ஊரு. இத்தாலியில நாலு வார்த்தை பேசுனா கொறஞ்சா போயிருவிய?

அமலன்: தொண்டை கட்டிருக்கு.

பிலோமினா: இப்பத்தான காய்ச்சல்னிய.

அமலன்: ரெண்டும்தான்.

ஜெர்சன்: அப்பா... கார் வாசல்ல நிக்கி. சாமி உங்களுக்குன்னு ஒரு பாட்டு வச்சிருக்காவளாம். அவுக ஒரு வரி பாடுனா நீங்க அடுத்த வரி பாடணுமாம். அந்த ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டாம்லா.

பிலோமினா: நீ வண்டியில இருலே. இந்தா வந்துட்டாவ.

அமலன்: ஏளா... போயிட்டானா? கதவச் சாத்து.

பிலோமினா: சாத்தியாச்சு.

அமலன்: நான்... நேப்பிள்ஸ்ல... எறங்கல.

பிலோமினா: கப்பல்லயே இருந்துட்டியளோ?

அமலன்: கப்பல்லயும்... ஏறல.

பிலோமினா: பின்ன எதுவரைக்கும்தான் போனிய?

அமலன்: ஹார்பர் கேட்டு வரைக்கும் சைக்கிள்ல ரொட்டி கொண்டுபோயிருக்கேன். அதுக்கு அங்கிட்டுப் போனதில்ல. என்ன, சிரிக்கியா?

பிலோமினா: தும்மல். நீங்க சொல்லுங்க.

அமலன்: எல்லாம் தரகர் சிலுவை பண்ண வேலை. உங்கப்பா கப்பல்காரனுக்குத்தான் பொண்ணுன்னு ஒத்தக்கால்ல நின்னாரு. நானோ மக்ரூன் கடையில முட்டை அடிச்சிட்டிருந்தவன். பொண்ணு பாக்க வந்தா, உங்கப்பா 'வாரும் நேப்பிள்ஸ் மாப்பிள்ள'ங்காரு. எனக்குப் பின்னால யாரு வாரான்னு திரும்பிப் பாத்தேன்.

பிலோமினா: பாத்திய. வேர்த்து ஒழுகுச்சு.

அமலன்: இல்லன்னு சொல்ல வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நீ காப்பியோட வந்துட்ட. வாய் மூடிக்கிச்சு.

பிலோமினா: பொறவு?

அமலன்: பொறவென்ன... கல்யாணம் முடிஞ்சு உங்க வீட்டுக்கு விருந்துக்கு வந்த எடத்துல, 'அந்த ஊர்ல என்ன திம்பானுவ மாப்ள'ன்னாரு. காலண்டர்ல பாத்த படம் ஞாபகத்துக்கு வந்து பீட்சான்னுட்டேன். 'போட்டுக் காட்டும்'னுட்டாரு.

பிலோமினா: ரொட்டி மாவத் தட்டி, தக்காளி வச்சு...

அமலன்: டின் சீஸத் துருவி, அடுக்களையில கெடந்த நெத்திலிய மேல தூவி, பக்கத்து பேக்கரி அடுப்புல தள்ளிட்டேன். கருவாட்டு ரொட்டின்னு துப்பிருவாருன்னு பாத்தா, தட்ட வழிச்சுத் தின்னுட்டாரு.

பிலோமினா: தெருவெல்லாம் சொல்லி, கடையும் வச்சுக் குடுத்தாவ.

அமலன்: திருச்செந்தூர்ல கோயிலுக்கு வாரவங்களுக்குன்னு கத்திரிக்காய வச்சேன். ஓடுச்சு. புன்னைக்காயல்ல றால் போட்டேன். அதுவும் ஓடுச்சு. உண்மையச் சொல்ல எங்க எடம் விட்டானுவ? இப்ப அந்தச் சாமி ஒரு வரி பாடி என் மூஞ்சியப் பாத்தா... ஜெர்சன் பக்கத்துல நிப்பான்லா.

பிலோமினா: சட்டையப் போடுங்க. கைய நீட்டுங்க.

அமலன்: உனக்குக் கோவம் வரலியா? இத்தன வருசம் உன்னய ஏமாத்திருக்கேன்.

பிலோமினா: அந்தக் கை.

அமலன்: தரகர் மட்டும் இன்னைக்கு உயிரோட இருந்தாருன்னா...

பிலோமினா: செத்த மனுசன எதுக்கு வையிதிய? அவரு 'மக்ரூன் கடைப் பையன், தங்கமானவன்'னு உள்ளதத்தான் சொன்னாரு. அப்பாதான் ஆளக்கூடப் பாக்காம முடியாதுன்னுட்டாவ. வீட்டுல ஒருத்தரும் தின்னாத மக்ரூன வாங்க தெனமும் உங்க கடைக்கு வந்துட்டிருந்தவ வேற என்ன செய்வா? தரகர்ட்ட சொல்லச் சொல்லி ஒங்களக் கப்பல்ல ஏத்தி நேப்பிள்ஸ்ல எறக்குனது நான்தான். நடங்க, சாமிட்டயும் நானே பேசிக்கிடுதேன்.