எட்டு புள்ளி இரண்டு

கடல் தண்ணீர் என்றால் உப்புத் தண்ணீர்தானே என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இருந்தால் எனக்கு இத்தனை பாடே இல்லை, ஐயா. தண்ணீரை வடிகட்டி, உப்பைக் கரைத்து, சுண்ணாம்புச் சத்து எவ்வளவு, காரம் எவ்வளவு என்று சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்து, குறைந்ததைச் சேர்த்தால்தான் வீட்டுத் தொட்டியில் பவளம் உயிரோடு இருக்கும். பவளம் கல் இல்லை. அதற்கு உயிர் உண்டு. தன் எலும்பைத் தண்ணீரிலிருந்துதான் அது கட்டிக்கொள்கிறது. தண்ணீர் புளிப்புப் பக்கம் சாய்ந்துவிட்டால் பாவம், கட்ட முடியாது.

அதைச் சொல்லும் எண்ணுக்கு பி.எச் என்று பெயர். 8.2 இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். எட்டுக்குக் கீழே போனால் அந்தத் தூக்கம் போய்விடும். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். இம்மி பிசகினாலும் என்ன ஆகும் என்று தெரிந்தவன்.

என் பயம் சும்மா வந்ததில்லை. முதல் தொட்டியை மூன்று வருடம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு வளர்த்தேன். ஒரு பகலில் பக்கத்து வீட்டில் கரப்பான் மருந்து அடித்தார்கள். என் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. வேலை முடிந்து வந்து பார்த்தால் பவளமெல்லாம் சளி சளியாக உரிந்து, உள்ளே வெள்ளை எலும்பு தெரிந்தது. ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. புதுத் தொட்டி வைத்ததும் முதல் வேலையாக எல்லா ஜன்னல் ஓரங்களிலும் அகலமான டேப்பை ஒட்டினேன்.

அதற்கப்புறம்தான் அண்ணன் என்னோடு வந்து சேர்ந்தார். அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். சிமெண்டுக் கிடங்கில் இருபத்தாறு வருடம் மூட்டை தூக்கி, நுரையீரல் வீணாய்ப் போயிருந்தது. ஆக்சிஜன் மெஷினோடுதான் வந்தார். இருப்பது ஒரே பெரிய அறை. தொட்டிக்குப் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டேன்.

அவருக்குத் தொட்டி பிடித்துத்தான் இருந்தது. நான் உப்புப் பையைப் பிரிக்கும்போதெல்லாம் கிண்டல் செய்வார். "உனக்கு நான் போட்ட உப்பைவிட இதுக்கு நீ போடற உப்புதாண்டா ஜாஸ்தி" என்பார். சிரித்தால் இருமல் வரும். இருமி முடித்ததும் தினமும் ஒன்றையேதான் கேட்பார்.

"தம்பி, அந்த ஜன்னலைக் கொஞ்சம் தொறடா. காத்து வரட்டும்."

"தூசி வரும் அண்ணே."

அவர் வந்த மூன்றாம் வாரத்தில் எண் இறங்க ஆரம்பித்தது. 8.1, 7.95, 7.86. சுண்ணாம்புச் சத்து சரியாக இருந்தது, காரம் சரியாக இருந்தது. பவளங்களின் நுனி வெளுப்பதாகத் தோன்றியது. தொட்டி சாமான் விற்கும் கடைக்காரரிடம் ஓடினேன். "வீட்டுல புதுசா யாராச்சும் வந்திருக்காங்களா சார்?" என்று கேட்டார். அடைத்த அறையில் மனிதர் விடும் மூச்சு தண்ணீரில் கரைந்தால் எண் இறங்குமாம். வேறு ஏதோ கூடச் சொன்னார். அது என் காதில் ஏறவில்லை. மூச்சு என்ற இடத்திலேயே நான் நின்றுவிட்டேன்.

அன்று முதல் நோட்டுப் போட்டு எழுதினேன். அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு நாளும் 8.19. திரும்பி வந்த மறுநாள் 7.84. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நான் நியாயமாகத்தான் நடந்துகொண்டேன், ஐயா. என் மூச்சும் மூச்சுதானே என்று, வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். அவரால்தான் எழுந்து வர முடியவில்லை. உள்ளே அவர் மூச்சு இழுக்கும் சத்தம் கதவைத் தாண்டிக் கேட்கும். ஒவ்வொரு இழுப்பையும் எண்ணிக்கொண்டிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்குக் கரண்ட் போனது. எங்கள் பழைய இன்வெர்ட்டர் ஒரு சாமானைத்தான் தாங்கும். அதில் அண்ணனின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியின் பம்பு நின்றுவிட்டது. ஓட்டம் இல்லாத தண்ணீரில் பவளம் மூச்சுத் திணறிச் செத்துப்போகும். நான் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பம்பைச் சொருகினேன்.

"என்னடா, மெஷின் சத்தத்தைக் காணோம்?" என்றார்.

"கரண்ட் இல்லை அண்ணே. இப்ப வந்துடும்."

"சரிடா" என்றார். என்னை நம்பினார். நான் படிக்கட்டுக்குப் போனேன்.

இதுவரை நான் சொன்னது விபத்துப் போலத்தான் இருக்கும். கரண்ட் போனதால் நடந்தது என்றுதான் டாக்டரும் நினைத்தார். ஆனால் உங்களிடம் எதையும் மறைக்கக் கூடாது. நான்கு இருபதுக்குப் படிக்கட்டு விளக்கு எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது. உள்ளே அண்ணன் என்னைக் கூப்பிடுவதும் கேட்டது. ஏழெட்டு அடிதான். போய்ப் பிளக்கைச் சொருகியிருக்கலாம். எழுந்தும்விட்டேன். எண் கொஞ்சம் ஏறட்டும் என்று மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.

சத்தம் நின்று வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே போனேன். மணி ஐந்தே முக்கால். அண்ணன் கட்டிலில் இல்லை. ஜன்னலடியில் கிடந்தார். டேப்பின் ஒரு முனை ஒரு சாண் அளவுக்கு உரிந்திருந்தது. முதலில் அதை அழுத்தி ஒட்டினேன். அப்புறம் தொட்டியைப் பார்த்தேன். 7.97. அதன் பிறகுதான் அண்ணனைத் தொட்டுப் பார்த்தேன்.

நான்காம் நாள் காலை எண் 8.2 ஆனது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் போய்க் காட்டினேன். அவர் பக்கத்தைத் திருப்பினார். எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதுவது என் பழக்கம். '4.00 கரண்ட் போனது. 4.05 பிளக் மாற்றினேன். 4.20 கரண்ட் வந்தது. அண்ணன் கூப்பிடுகிறார். உட்கார்ந்திருக்கிறேன்.' படிக்கப் படிக்க அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஐயோ, ஜன்னலைத் தொறந்து வைங்கன்னுதானே சார் நான் அன்னிக்குச் சொன்னேன்" என்றார். "அது போதுமே. நீங்க ஒருத்தர் இருந்தாலும் சரி, பத்துப் பேர் இருந்தாலும் சரி, எண்ணு தானா ஏறிடுமே."

உங்களுக்குப் போன் செய்தது அவர்தான். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. என் தொட்டியை இப்போது அவர்தான் பார்த்துக்கொள்கிறார். உங்கள் ஆட்கள் டேப்பையெல்லாம் கிழித்து ஜன்னல்களைத் திறந்துவிட்டார்களாம். நாள் முழுக்க நாலைந்து பேர் உள்ளே நின்று எழுதிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார்களாம். அப்படியும் எண் 8.3-க்குப் போனதாம். நேற்று நீங்களே சொன்னீர்கள். அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

அது ஜன்னலால் ஏறியது இல்லை, ஐயா. அண்ணன் இல்லாததால்தான் ஏறியது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்தே ஏறியிருக்கும் என்றால், என் அண்ணனை நான் எதற்காகக் கொன்றேன்?